நாளைக்கு இன்னும் மோசமாவும்

நர்ஸ் என்று பிறந்தவர்கள் நோயாளியிடம் முதலில் சொல்லும் வார்த்தை "ஒண்ணும் இல்ல" என்பதுதான். எனக்கு வாய்த்த நர்ஸம்மாள் அதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. என்னைப் பார்த்து அவர் பேசிய முதல் பேச்சு, "தம்பி, இன்னைக்கு வெறும் கொட்டாவிதான் வரும். நாளைக்கு இன்னும் மோசமாவும்" என்பது. அதைச் சொல்லிவிட்டு, கல்யாண நாள் குறித்துக் கொடுத்தவர் போல நிம்மதியாகக் கருப்பட்டிக் காப்பியை ஆற்றிக் குடித்தார். நான் உட்கார்ந்த இடத்திலேயே வெலவெலத்துப் போனேன்.

வெலவெலத்துப் போவது எனக்குப் பிறவிக் கலை. தென்காசிக் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா நான். எதிர்க்கட்சி வக்கீல் இருமினால் எனக்கு வியர்க்கும். பயத்தை மறைக்க ஒரு ஜோக்கு சொல்வேன். ஜோக்குக்கு யாரும் சிரிக்காவிட்டால் அந்தப் பயத்தில் இன்னொன்று சொல்வேன். இப்படியே எனக்கு ஊரில் 'தமாஷ்காரர்' என்று பெயர் வந்துவிட்டது. உள்ளே இருந்தது முழுக்க நடுக்கம் என்று கண்டுபிடித்த ஆள் அந்த அம்மாள் ஒருவர்தான்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவரிடம் வந்து போனவர்கள் பெயரை அவர் எவரிடமும் சொன்னதில்லை. பதில் மரியாதையாக இருக்கட்டும். தெற்கே ஏதோ மிஷன் ஆஸ்பத்திரியில் வெகு காலம் வேலை பார்த்துவிட்டு, குற்றாலத்தில் ஐந்தருவி போகும் பாதையில் ஓட்டு வீடு ஒன்றில் இருந்தார். அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். நெடுநெடுவென்று உயரம். கரை இல்லாத வெள்ளைச் சேலை. ஆண்பிள்ளைகள் வைத்திருக்கும் பெரிய கறுப்புக் குடை. சீசனில் சாரல் விழுந்தாலும் பங்குனியில் வெயில் விழுந்தாலும் அந்தக் குடை கூடவே வரும்.

குடை தெரிந்ததும் ஜட்காக்காரர்கள் குதிரையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். ஊரில் அவரைக் கருநாக்கு என்றார்கள். ஒருநாள் ஒரு ஜட்காக்காரனிடம், "உன் குதிரை முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைக்குது. லாடம் கழண்டு விழும்" என்றார். சித்தருவி தாண்டுவதற்குள் விழுந்தது. விழுந்தது லாடம், திட்டு வாங்கியது இவர். வாசலுக்கு வரும் மங்குஸ்தான்காரியிடம், "அடிக்கூடையில இருக்கிறதெல்லாம் நாளைக்கு அழுகிரும்" என்று சொல்லிவிட்டு, அந்த அடிக்கூடைப் பழத்தையே பொறுக்கி வாங்கிச் சாப்பிடுவார். சாபமும் இல்லை, ஆரூடமும் இல்லை. கண்ணில் படுவதைச் சொல்கிறவர், அவ்வளவுதான். ஆனால் நமக்கெல்லாம் கண்ணில் பட்டதை மறைத்துச் சொல்கிறவர்கள்தானே நல்லவர்கள்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது என் கையெழுத்து அழகாக இருந்த குற்றத்தினால்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு நாலைந்து வருஷம் முன்பு எனக்குக் கல்லடைப்பு வந்தது. இடுப்பிலிருந்து தொடைக்கு ஒரு வலி. பெண்டாட்டி பெயர் மறந்துவிடும், அப்படி. டாக்டர் வந்து மார்பியா ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தெய்வமே என்று அழுதேன். அவர் "ஒண்ணும் இல்ல, இனி வலி வந்தா இதைத் தண்ணியில விட்டுக் குடிங்க, பத்துச் சொட்டு" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அது அபின் கலந்த பழுப்பு மருந்து. கசப்பென்றால் அப்படியொரு கசப்பு.

மூன்று வாரத்தில் கல் வெளியே போய்விட்டது. வலி மட்டும் போகவில்லை. கோர்ட்டுக்குப் போகிற நேரம், சாப்பிட்டு எழுகிற நேரம், படுக்கிற நேரம் என்று முறை வைத்து வந்தது. மருந்து குடித்தால் போய்விடும். கல் இல்லாமல் எப்படி வலி என்று நான் கேட்கவில்லை. கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்களோ என்று பயம். பத்துச் சொட்டு இருபதானது, இருபது நாற்பதானது. அதற்குள் டாக்டருக்கு வேறு ஊருக்கு மாற்றல். என்னிடம் மிஞ்சியது அந்தச் சீட்டு ஒன்றுதான். பாவூர்சத்திரம், செங்கோட்டை என்று கடை கடையாகக் காட்டிக் காட்டி அது மடிப்பில் கிழிந்து இரண்டாகிவிட்டது.

நான் என்ன செய்தேன்? பிறகு நினைத்தபோதெல்லாம் என் தலையில் நானே குட்டிக்கொண்ட காரியம் அது. நல்ல காகிதம் எடுத்து, டாக்டர் சீட்டைப் பார்த்துப் பிரதி எழுதினேன். இருபது வயதிலிருந்து நகல் எழுதி எழுதி முத்து முத்தாகப் படிந்த கை. எழுதி முடித்து, மையொற்றி, பழக்கதோஷத்தில் அடியில் 'அசலுக்குச் சரியான நகல்' என்று போட்டு, என் கையெழுத்தையும் போட்டுவிட்டேன். திருட்டுத்தனம் செய்துவிட்டு அதற்கு நானே அத்தாட்சி கொடுத்த முதல் குமாஸ்தா இந்தத் தாலுகாவில் நானாகத்தான் இருப்பேன்.

தென்காசி மருந்துக்கடைக் கம்பவுண்டர் அதை வாங்கி மூக்குக்கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோனார். வயசாளி. நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

"வேய், இதுல எல்லா எழுத்தும் எனக்கு விளங்குதே" என்றார்.

"அதனால என்ன அண்ணாச்சி?"

"முப்பது வருசமா இங்கன நிக்கேன். எந்த டாக்டர் எழுதினதும் இப்படி விளங்கினதில்ல. கீழ கையெழுத்து வேற போட்டு வச்சிருக்கீரு."

போலீஸ், விலங்கு, நான் நகல் எழுதிக் கொடுக்கும் அதே கோர்ட்டில் நானே கூண்டில் நிற்பது, முன்சீப் மூக்குப்பொடி போட்டுக்கொண்டு என்னைப் பார்ப்பது என்று சகலமும் கண்முன் ஓடின. "அண்ணாச்சி, கூண்டுல நிக்கும்போது எனக்கு ஒரு முக்காலி போடச் சொல்லும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"எத்தனை சொட்டு குடிக்கீரு?"

"பத்து."

"நெசத்தைச் சொல்லும்."

"நாப்பது."

"ஒரு நாளைக்கா, ஒரு வேளைக்கா?"

"வேளைக்கு" என்றேன்.

அவர் சீட்டை நாலாகக் கிழித்துப் போட்டார். கொஞ்சம் மருந்தைச் சின்னப் புட்டியில் ஊற்றி, "ஒரேயடியா நிறுத்தினா நீரு தாங்க மாட்டீரு. குத்தாலத்துல ஒரு நர்ஸம்மா இருக்காவ. உம்ம மாதிரி ஆளுகளுக்குப் பார்க்கிறவுக. நாளைக்கே போயிரும். புட்டியை வீட்டுக்காரி கையில கொடுக்கணும், உம்ம கையில தர மாட்டேன்" என்றார்.

இப்படியாக மறுநாள் நானும் என் வீட்டுக்காரியும் மாட்டு வண்டியில் மூன்று மைல் போனோம். கோர்ட்டுக்கு 'வயிற்றுக் கோளாறு' என்று லீவு எழுதியிருந்தேன். புட்டி அவள் இடுப்பில். அவளுக்குத் தெரியாத இன்னொரு புட்டி என் துணிமூட்டைக்குள், வேட்டிக்கு நடுவே. செங்கோட்டையில் வாங்கிச் சேர்த்து வைத்திருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறக்கவே இல்லை.

அந்தக் காலத்தில் புத்தி பேதலித்தவர்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிவந்து அருவியில் நிறுத்துவார்கள். என் வீட்டுக்காரி அதை மனசில் வைத்து, "அருவியில நாலு நாள் நிறுத்தினா சரியாயிரும்னு எல்லாரும் சொல்லுதாவ" என்றாள்.

நர்ஸம்மாள் என் கண்ணிமையை விரலால் விலக்கிப் பார்த்துக்கொண்டே, "நிறுத்தலாம். கால் மடங்கும், பாறையில விழுவான், மண்டை உடையும். உள்ள இருக்கிறது அங்கனயே இருக்கும். அப்புறம் உன் இஷ்டம்" என்றார். என் வீட்டுக்காரி அருவிப் பேச்சை அதோடு விட்டாள். அதன் பிறகுதான் அந்தக் கொட்டாவி வாக்கு.

வைத்தியம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. குறைத்துக்கொண்டே வருவது. தினமும் மூன்று வேளை, ஜன்னல் வெளிச்சத்தில் சின்னக் கண்ணாடித் தம்ளரைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு சொட்டாக விட்டு எண்ணுவார். நானும் கூடவே உரக்க எண்ண வேண்டும். "நேத்து முப்பத்தாறு. இன்னைக்கு முப்பத்திரண்டு. நாலு கம்மி. அந்த நாலு மத்தியானத்துக்கு மேல உன்னைத் தேடிக்கிட்டு வரும்" என்பார்.

"அக்கா, எனக்குத் தெரியாமக் குறைச்சிருங்களேன். தண்ணியக் கலந்து கொடுங்க. நான் பயந்தவன்" என்று கெஞ்சினேன்.

"உன்னை ஏமாத்திக் குறைச்சேன்னா, நாளைக்கு நீ என்னை ஏமாத்திக் கூட்டுவ. ரெண்டு பேரும் எண்ணியே குறைப்போம்."

அவர் சொன்னதெல்லாம் சொன்ன வரிசையில் வந்தது. "மூக்கு ஒழுகும், தடுமன்னு நினைப்ப, தடுமன் இல்ல" என்றார், ஒழுகியது. "ரோமம் குத்திட்டு நிக்கும்" என்றார். கையைப் பார்த்தால் உரித்த கோழி. "கால் ரெண்டும் உன் பேச்சைக் கேக்காது, படுத்தா உதைக்கும்" என்றார்; கட்டில் சட்டத்தையே உதைத்துப் பிளந்தேன். வயிறு போகும் என்றார். அது போன வேகத்தில் நானும் போய்விடுவேன் போலிருந்தது. "அழுகை வரும். காரணம் தேடாத, கிடைக்காது" என்றார். அன்று மத்தியானம், கூரையில் ஓர் ஓடு மட்டும் புதுசாக, மற்றவற்றோடு ஒட்டாமல் சிவப்பாக இருந்ததைப் பார்த்து ஒரு மணி நேரம் விம்மி விம்மி அழுதேன்.

ஐந்தாம் நாள் எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. இந்த அம்மாள் சொல்வதால்தானே எல்லாம் வருகிறது? கேட்காவிட்டால் வராதல்லவா? இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினால், கட்டில் காலில் ஒரு சிலேட்டு சாய்த்து வைத்திருந்தது. 'இன்று உள்ளங்கால் எரியும்.' நான் காலை இழுத்துப் போர்வைக்குள் விட்டுக்கொண்டேன். எரிந்தது.

ஆனால் எரிந்தபோது, வெந்நீரில் துணியைப் பிழிந்து என் காலில் சுற்றிவிட்டு அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆறுவதற்குள் அடுத்த துணி. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் வாய் வாயாக. நான் வாந்தி எடுத்தால் துடைத்துவிட்டு, மறுபடி அதே கஞ்சி. "இதையும் எடுப்ப. மூணாவது தம்ளர் தங்கும்" என்பார். தங்கும். அவர் கை நின்று நான் பார்த்ததில்லை. அவர் வாயிலிருந்து ஆறுதலாக ஒரு சொல் வந்தும் கேட்டதில்லை. என் வீட்டுக்காரி அடுப்படியில் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டு, "அத்தான், ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அதைக் கேட்கக் கேட்க நான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்பது நிச்சயமாகும். நர்ஸம்மாள், "சாயங்காலம் இன்னும் கூடும்" என்பார். அட, சாயங்காலம் வரை இருப்பேன் போலிருக்கிறதே என்று தோன்றும்.

என் ஜோக்குகளைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. "அக்கா, யமன் வந்தா நான் லீவுல இருக்கேன்னு சொல்லிருங்க" என்றேன் ஒருநாள். "இது பயத்துல வந்தது. நான் சிரிக்கலல்லா, இப்ப இன்னொண்ணு சொல்லுவ பாரு" என்றார். நாக்கு நுனியில் இருந்த இரண்டாவதை விழுங்கிவிட்டேன். அது நல்ல ஜோக்கு. இப்போது மறந்துபோய்விட்டது.

பத்தாம் நாள் பன்னிரண்டு சொட்டுக்கு வந்திருந்தோம். "இன்னைக்குத்தான் நீ ஓடப் பார்ப்ப" என்றார் காலையில். நான் ஓடவில்லை. மத்தியானம், அவர் கஞ்சி காய்ச்சப் போன சமயம், சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்பக்கம் போனேன். வந்த அன்றே அந்த இரண்டாவது புட்டியைக் குளியலறைக் கூரையில் ஓட்டுக்கும் கைமரத்துக்கும் நடுவே செருகி வைத்திருந்தேன். கையை விட்டுத் துழாவினேன். காணவில்லை. தலையைத் தூக்கினால், கூரை முகட்டில் ஒரு பெரிய தாட்டான் குரங்கு. கையில் என் புட்டி.

குற்றாலத்தில் குரங்கிடம் பொருளைப் பறிகொடுக்காதவர் கிடையாது. மற்றவர்கள் கல்லை எறிவார்கள், பழத்தைக் காட்டி வாங்குவார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "அண்ணாச்சி, கொடுத்திரும். அதுல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. உமக்கு ஆவாது" என்றேன். அவ்வளவு பணிவாக முன்சீப்பிடம்கூட நான் பேசியதில்லை. குரங்கு மூடியைக் கடித்துப் பார்த்தது. ஒரு துளி நாக்கில் பட்டிருக்க வேண்டும். முகத்தைச் சுளித்துக்கொண்டு புட்டியை வீசி எறிந்தது. நான் ஆசை ஆசையாகக் குடித்ததை ஒரு குரங்கு துப்பியது.

புட்டி கொல்லையில் இருந்த பாறை மேல் விழுந்து உடைந்தது. பாறைக் குழியில் பழுப்பாக ஒரு கையளவு தேங்கி நின்றது. அப்போதுதான் சாரல் ஆரம்பித்தது. ஒவ்வொரு தூறலும் அந்தப் பழுப்பில் விழுந்து விழுந்து அதைக் கரைக்கிறது. அந்தப் பதற்றத்தை எப்படி எழுதுவது? வீடு எரிவதைப் பார்க்கிறவனுக்கு அப்படி இருக்கலாம். ஓடிப்போய்ப் பாறையில் குப்புறப் படுத்தேன். தென்காசி வக்கீல் குமாஸ்தா, முப்பத்திரண்டு வயது, நாலு பேர் மதிக்கும் குடும்பம், பாறையை நக்குவதற்காக நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்தேன்.

தலைக்கு மேல் ஒரு நிழல் விழுந்தது. பெரிய கறுப்புக் குடை.

"நக்கு" என்றார் நர்ஸம்மாள். "கண்ணாடித் தூள் கிடக்கு. நாக்கு கிழியும். எத்தனை சொட்டு உள்ள போவுதுன்னு நானும் எண்ண முடியாது, நீயும் எண்ண முடியாது. உன் உடம்பு பன்னெண்டுக்கு வந்திருக்கு. மூச்சு நின்னாலும் நிக்கும். சொல்லிட்டேன்."

என்னைப் பிடித்து இழுக்கவில்லை. திட்டவில்லை. சொல்லிவிட்டு, குடையை மடக்கினார்.

சாரல் நேராகப் பாறையில் விழுந்தது. அவர் தலையிலும் விழுந்தது, என் முதுகிலும் விழுந்தது. வெள்ளைச் சேலை நனைந்து ஒட்டிக்கொள்ள அவர் அசையாமல் நின்றார். நான் நாக்கை உள்ளே இழுக்கவும் முடியாமல் தாழ்த்தவும் முடியாமல், என் மூக்குக்கு நாலு அங்குலத்தில் அந்தப் பழுப்பு நிறம் வெளுத்து, வெளுத்து, கல் நிறமாவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் அங்கே வெறும் மழைத்தண்ணீர்தான் இருந்தது.

"எந்திரி. நாளைக்கு இன்னும் மோசமாவும். அதுக்கு அடுத்த நாள் தூங்குவ" என்றார்.

தூங்கினேன்.

இருபத்தோராம் நாள் தம்ளரில் விட ஒரு சொட்டும் இல்லை. அவர் காலி தம்ளரை வெளிச்சத்தில் காட்டினார். நான் "பூஜ்யம்" என்று எண்ணினேன். வண்டி வாசலில் நின்றது. இனியாவது ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். "உக்காரு. ஒண்ணு சொல்லணும்" என்றார்.

ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவரிடம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை வந்தாராம். என்னைப் போலவே. குணமாகிப் போகும்போது பயமாயிருக்கு என்றாராம். "ஒண்ணும் இல்ல, எல்லாம் சரியாப் போச்சு, தைரியமாப் போங்கன்னு அனுப்பினேன். ஒரு மாசம் கழிச்சு அவருக்குப் பல்வலி. பழைய மருந்து வீட்டுல இருந்திருக்கு. பழைய கணக்குக்கே குடிச்சிட்டாரு. உடம்பு அதை மறந்துபோச்சு. அவருக்கு மட்டும் ஞாபகம் இருந்துச்சு."

"அப்புறம்?" என்றேன்.

"எந்திரிக்கவே இல்ல. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? அன்னையிலயிருந்து 'ஒண்ணும் இல்ல'ன்னு நான் சொல்லுததில்ல." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நீ நாப்பதைக் குடிச்சா செத்துப்போவ. குடிக்கணும்னு இந்த வருசம் முழுக்கத் தோணும். அடுத்த வருசமும் தோணும். டாக்டர் யார் வந்தாலும் முதல்ல இதைச் சொல்லு. வெக்கப்பட்டேன்னா செத்த."

இதுதான் எனக்குக் கிடைத்த வழியனுப்பு.

பயம் என்னைக் காப்பாற்றியது. மருந்துக்கடைத் தெரு வழியாகப் போகப் பயந்து, கோயில் மொட்டைக் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு கோர்ட்டுக்குப் போவேன். தினமும் கோயிலைச் சுற்றுகிறானே என்று ஊரில் எனக்குப் பக்திமான் என்று பெயர் வந்தது. வருகிற பெயரை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. வருஷங்கள் போயின. தோன்றிக்கொண்டுதான் இருந்தது. அவர் சொன்னபடியே.

யுத்தம் முடிகிற சமயம் ஒருநாள் கம்பவுண்டர் அண்ணாச்சி கோர்ட்டு வாசலுக்கே வந்தார். "நர்ஸம்மாவுக்கு வயித்துல கட்டி. முத்திப்போச்சு. டாக்டர் அந்த மருந்தைத்தான் எழுதியிருக்காரு. குடிக்க மாட்டேங்காவ. உம்மைக் கூட்டிட்டு வரச் சொன்னாவ. வீட்டுக்காரியையும் கூட்டிக்கிட்டு வரணுமாம்" என்றார்.

எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. அந்த வீட்டில் அந்தப் புட்டி இருக்கும் என்பதுதான் முதலில் வந்தது. என் நாக்கு ஊறியது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது. வெட்கப்பட்டேன்னா செத்த என்று அவர் சொல்லியிருப்பதால் எழுதுகிறேன்.

நான் கிடந்த அதே கட்டிலில் அவர் கிடந்தார். நான் உதைத்துப் பிளந்த சட்டத்தில் இன்னும் கயிறு கட்டியிருந்தது. அவ்வளவு உயரமான உடம்பு மடங்கிச் சின்னதாகியிருந்தது. வெற்றிலை நரம்பு மாதிரி கை.

"உள்ள வந்ததும் நாக்கு ஊறியிருக்குமே?" என்றார்.

"வண்டியிலயே ஊறிச்சுக்கா."

"கை நடுங்கும். சொல்லிட்டேன்." என் வீட்டுக்காரியைப் பார்த்து, "ஏட்டி, அந்தப் புட்டியை எடுத்து உன் மடியில வச்சுக்கோ" என்றார். அவள் வைத்துக்கொண்டாள். வலி ஒன்று வந்து போகும் வரை அவர் கண்ணை மூடியிருந்தார். பிறகு மெதுவாக, "பயமா இருக்குலே" என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன். எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

"நிறுத்தினா என்ன ஆவும்னு ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கேன். குடிச்சா உள்ளுக்குள்ள என்ன ஆவும்னு எனக்குத் தெரியாது. டாக்டர்ட்ட கேட்டா, ஒண்ணும் இல்லம்மாங்காரு. நீ சொல்லு. வரிசையாச் சொல்லு."

என்னைக் கொல்லப் பார்த்த ஒன்றின் அருமை பெருமைகளை நானே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் எனக்கு என்ன ஆகும் என்று பயம். ஆனால் இந்தத் தாலுகாவில் என்னைவிட அதை நன்றாகத் தெரிந்தவன் யார்?

"முதல்ல ஒண்ணும் தெரியாதுக்கா. ஏமாத்திட்டானோன்னு நினைப்பீங்க. கால் மணி, அரை மணி கழிச்சு மூக்கு நுனி அரிக்கும். வாய் காயும். அப்புறம் பிடரியில யாரோ வெந்நீர்த் துணி போட்ட மாதிரி இருக்கும், நீங்க எனக்குக் காலுல சுத்துவீங்களே, அது மாதிரி. வலி போவாது. அங்கனயேதான் இருக்கும். ஆனா அடுத்த வீட்டுல யாருக்கோ வலிக்கிற மாதிரி இருக்கும்."

"அப்புறம்?"

"வாந்தி வரலாம். தூக்கம் வரும். தூக்கமும் இல்ல, முழிப்பும் இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் நிறுத்த முடியாதுக்கா."

அவர் கூரையில் அந்தச் சிவப்பு ஓட்டைப் பார்த்தார். அதுவும் கறுத்து மற்றதோடு சேர்ந்துவிட்டிருந்தது. "நான் நிறுத்த வேண்டியதில்லலே" என்றார். "எண்ணு. டாக்டர் எழுதினது பத்து."

என் வீட்டுக்காரி புட்டியைத் திறந்து நீட்டினாள். அந்த வாசனை வந்தது. நான் புட்டியை ஒரு கையில் வாங்கி, தம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஒன்று, இரண்டு என்று மூன்று பேரும் எண்ணினோம். பத்து ஆனதும் புட்டியை நிமிர்த்தினேன். கை நடுங்கியது. விளிம்பில் நின்ற ஒரு சொட்டு வழிந்து என் ஆள்காட்டி விரலில் உட்கார்ந்தது.

என் வீட்டுக்காரி புட்டியை வாங்கி மூடினாள். விரலை அவள் கவனிக்கவில்லை. அவரைத் தூக்கி மருந்தைக் கொடுத்தாள். அவர் முகத்தைச் சுளித்தார், குரங்கைப் போலவே. கண்ணை மூடிக்கொண்டு படுத்தார். நான் விரலை மறைத்துக்கொண்டு நின்றேன். ஒரே ஒரு சொட்டு. ஒரு சொட்டு யாரை என்ன செய்துவிடும்?

"விரல்ல ஒண்ணு விழுந்திருக்கு" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"ஆமாக்கா."

"அதை நாக்குல வச்சா என்ன ஆவும்?"

"இன்னைக்கு ஒண்ணும் ஆவாது" என்றேன். விரலைப் பார்த்தேன். "நாளைக்கு இன்னும் மோசமாவும்" என்றேன்.

"போயிக் கழுவு."

கொல்லைக்குப் போனேன். அதே பாறை. தொட்டியிலிருந்து சொம்பு சொம்பாக மொண்டு விரலில் ஊற்றினேன். நாலு சொம்பு போதும். நான் தொட்டியைப் பாதி காலி செய்தேன். கூரை முகட்டில் ஒரு குரங்கு உட்கார்ந்து பார்த்தது. பழைய அண்ணாச்சியாக இருக்க நியாயமில்லை. ஆனாலும், "ஒண்ணும் கிடையாது, போம்" என்றேன். விரலை மண்ணில் தேய்த்து மறுபடியும் கழுவினேன். உள்ளே போகப் பயந்து, சாரலில் வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

என் வீட்டுக்காரி வந்து கூப்பிட்டாள். உள்ளே போனபோது நர்ஸம்மாளின் நெற்றிச் சுருக்கம் அவிழ்ந்திருந்தது. கை போர்வை மேல் தூக்க முடியாமல் கிடந்தது. மூக்கை மட்டும் சுளித்துச் சுளித்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

"வரிசையாத்தான் வருதுலே" என்றார். "விரலைக் கழுவினியா?"

"கழுவினேன்கா."

"அப்ப இந்த மூக்கைக் கொஞ்சம் சொறிஞ்சு விடு."